டாக்டர் பால் பிராண்டும் நோவென்னும் காவலும்

தொழுநோய் கண்டவர்க்குக் கைவிரல்களும் கால்விரல்களும் அழுகித் தாமே உதிர்ந்துவிடும் என்பது நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் நெடுங்காலமாக வழங்கிவந்த எண்ணம். பெருவியாதி என்றும் குட்டம் என்றும் அதன் பெயரைச் சொல்லவே நாக் கூசியது. யாம் சிறுவராயிருந்த நாளில், தேர்த்திருவிழாக்களிலும் சந்தை வாயில்களிலும் வரிசையாக அமர்ந்து, மடங்கிய கைகளை நீட்டியிருந்தோரைக் கண்டால், பெரியோர் எம்மைக் கைப்பிடித்து விலக்கி நடத்திச் செல்வர். அவர்களுடைய விரல்கள் எங்ஙனம் போயின என்று வினாவுவார் ஒருவரையும் யாம் அன்று கண்டிலேம். நோய் தின்றது, அவ்வளவே விடை. கற்ற மருத்துவர் பலரும் ஏறக்குறைய அவ்விடையையே நம்பியிருந்தனர்.

இது விடையன்று என ஐயுற்று, ஒவ்வொரு விரலும் எப்பொழுது, எவ்விடத்து, எதனாற் கெட்டது எனத் துப்பறிவார்போல் தேடிக் கண்டவர் ஒருவர். அவர் 1946-ஆம் ஆண்டின் இறுதியில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, இருபதாண்டுக்குச் சற்றுக் குறைய அங்கே பணிபுரிந்த டாக்டர் பால் பிராண்டு. அவர் கண்டது யாது, அதனைக் காணுதற்கு அவரை ஆயத்தஞ்செய்த வாழ்க்கை எத்தகையது என்பவற்றை நம் மாணவர்க்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

அவர் பிறந்தது நம் கொல்லிமலையில். 1914-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17-ஆம் நாள், ஜெஸ்ஸி பிராண்டு, ஈவ்லின் என்னும் ஆங்கிலேயத் தம்பதியர்க்கு மூத்த மகவாய்ப் பிறந்தார். அந்நாளில் மலைக்கு வண்டிப்பாதை கிடையாது. காய்ச்சலுக்குப் பெயர்போன இடம். தந்தையார் போதகர், ஓரளவு வைத்தியமும் பயின்றவர். பல் பிடுங்குவார், புண்ணுக்கு மருந்திடுவார், நரம்புச்சிலந்திப் புழுவைக் குச்சியிற் சுற்றி நாள்தோறும் சிறிது சிறிதாய் வெளியே இழுப்பார். சிறுவன் பாலுக்கு இவையெல்லாம் அருவருப்பையே உண்டாக்கின. சீழும் குருதியும் கண்டால் ஓடிவிடுவானாம். ஒருநாள் தொழுநோயாளர் மூவர் அவ்வீட்டு வாயிலுக்கு வந்தனர். பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டுப் பெற்றோர் கையுறை அணிந்து அவர்களுடைய பாதங்களைக் கழுவிக் கட்டினர். என்றும் அச்சமென்பது அறியாத தந்தையின் முகத்தில் அன்று மட்டும் ஒருவகை அச்சத்தைக் கண்டதாகப் பிற்காலத்தில் அவர் எழுதியிருக்கின்றார்.

கறையான் புற்றையும் சிலந்தி வலையையும் மகனுக்குக் காட்டி, படைப்பின் நுட்பத்தை உற்றுநோக்கப் பழக்கியவரும் அத்தந்தையாரே. 1923-இல், ஒன்பது வயதில், பாலும் தங்கை கோனியும் கல்வியின்பொருட்டு இங்கிலாந்தில் உறவினர் இல்லத்தில் விடப்பட்டனர். பெற்றோர் மலைக்கு மீண்டனர். தந்தையார் வாரந்தோறும் மரமும் பறவையும் பூச்சியும் பற்றி நீண்ட கடிதங்கள் எழுதிவந்தார். 1929-இல் மலைக்காய்ச்சலின் கொடிய வகையொன்றால் அவர் காலஞ்சென்றார். தந்தி விரைந்து வந்தது. கப்பலிலே வந்த கடிதங்களோ பின்தங்கி வந்தன. இறந்தவருடைய கையெழுத்தில், உயிரோடு பேசுவதுபோன்ற சொற்களை, அப்பதினான்கு வயதுப் பிள்ளை படிக்க நேர்ந்தது. பிரிவுத் துயரை இளமையிலேயே அறிந்தவர் அவர். இதனை ஈண்டுக் குறிப்பது காரணத்தோடுதான், பின்னர் விளங்கும்.

மருத்துவம் வேண்டவே வேண்டாமென்று தச்சும் கொத்தும் கற்கப் புகுந்தார். கட்டடவேலை தெரிந்தாற் போதும், மலைக்குத் திரும்பித் தந்தையைப்போல் வீடுகள் கட்டலாம் என்பது அவர் கருத்து. இடையே, மிஷனெரிகளுக்குரிய சிறு மருத்துவ வகுப்பொன்றிற் பயின்றபோது, குருதியிழந்து பிணம்போல் வெளுத்துக்கிடந்த இளம்பெண் ஒருத்திக்குப் பிறர் குருதி ஏற்றப்பட, அவள் கன்னம் சிவந்து, கண்திறந்து, தண்ணீர் கேட்டதை நேரிற் கண்டார். அன்றோடு அவருடைய அருவருப்பு அகன்றது. இலண்டனில் மருத்துவம் கற்றார். உடன்பயின்ற மார்கரெட் பெர்ரி அம்மையாரை 1943-இல் மணந்தார். போர்க்காலத்துக் குண்டுவீச்சுகளுக்கிடையே அறுவை வைத்தியம் பழகினார். தச்சிற் கழித்த ஆண்டுகள் வீண் என்று அவரே அக்காலத்து எண்ணியிருக்கக் கூடும். அவை வீணன்று என்பதைக் கதையின் போக்கிற் காண்போம்.

வேலூருக்கு வந்த மறுவருடம், செங்கற்பட்டையடுத்த திருமணியிலுள்ள தொழுநோய் நிலையத்திற்குச் சென்றார். அதன் தலைவராயிருந்தவர் இந்நோய்க்குச் சிகிச்சை செய்வதிற் பெயர்பெற்ற டாக்டர் ராபர்ட் காக்ரேன். தோட்டத்தினூடே நடக்கையில், மடங்கிச் சுருண்ட கைகளைப் பார்த்தவாறே வந்த பிராண்டு, இவை ஏன் இங்ஙனம் ஆயின, இவற்றிற்கு என்ன செய்கிறீர்கள் என வினாவினார். தாம் தோல்நோய் வல்லுநரேயன்றி எலும்பும் தசையும் அறிந்தவரல்லர் என்றும், அத்துறை மருத்துவர் எவரும் இம்மக்களை நாடி வந்திலர் என்றும் காக்ரேன் விடைபகர்ந்தார். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் இந்நோயால் வருந்திய காலம் அது.

பிராண்டு ஒரு நோயாளியை அணுகி, தம் கையை இயன்றமட்டும் இறுகப் பிடிக்கும்படி வேண்டினார். வலுவற்ற கைதானே, மெல்லத் தொடும் என எதிர்பார்த்தார். அக்கையோ இடுக்கிபோற் பற்றி, நகங்கள் தோலில் அழுந்த, அவரை வலியாற் கத்தச் செய்துவிட்டது. நோயாளி முகத்தில் வியப்பு. தாம் துன்புறுத்துவதை அவர் அறிந்திலர். அந்நொடியில் இரண்டு உண்மைகள் பிராண்டுக்குப் புலப்பட்டன. சூம்பிய அக்கையினுள் நல்ல தசைகள் சில முழுவலிமையோடு இருக்கின்றன என்பது ஒன்று. தன் பிடியின் அளவு தனக்கே தெரியாத கை அது என்பது மற்றொன்று. முதலாவதன் பொருள் அன்றே விளங்கிற்று. இரண்டாவதன் பொருள் விளங்கச் சில ஆண்டுகள் சென்றன.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். இறந்த நோயாளி ஒருவருடைய உடலை ஆராய இடங்கிடைத்தபோது, பிராண்டு துணைவருடன் இரவோடு இரவாகச் சென்று, விளக்கொளியிற் கைகால்களின் நரம்புகளை ஒவ்வொன்றாய்ப் பிரித்து வெளிப்படுத்தினார். முழங்கைக்கு மேல், மணிக்கட்டருகில், முழங்காலை ஒட்டி, கணுக்காலருகில், முகத்தில் எனக் குறித்த சில இடங்களில் மட்டுமே நரம்புகள் வீங்கியிருந்தன. ஏனைய இடங்களில் ஊறில்லை. இதன் காரணம் யாது? அவ்விடங்களில் நரம்பு தோலை ஒட்டி ஓடுகின்றது. ஆதலின் உடலின் உட்பகுதியினும் குளிர்ந்திருக்கின்றது. 1873-இல் நார்வே நாட்டு ஹான்சன் கண்டுபிடித்த தொழுநோய்க் கிருமியோ குளிர்ந்த இடத்தையே விரும்புவது. அக்கிருமிகளை எதிர்த்து உடல் செய்யும் போரில் நரம்பு வீங்கி, தன் உறைக்குள்ளேயே நெரிபட்டு மடிகின்றது. நரம்பு மடிந்தால் அதனால் இயங்கிய தசைகள் செயலறுகின்றன. தொடுவுணர்ச்சியும் நோவுணர்ச்சியும் ஒழிகின்றன. முன்கையின் மேற்பகுதியில் ஆழ்ந்து ஓடும் நரம்புகளுக்கு ஊறில்லாமையால் அங்குள்ள தசைகள் பிழைக்கின்றன. விரல்களை நிமிர்த்தும் உள்ளங்கைச் சிறுதசைகள் கெட, மடக்கும் பெருந்தசைகள் எஞ்ச, கை புலிநகம்போல் வளைந்துவிடுகின்றது.

ஆகவே வலியுள்ள தசையொன்றின் நாணை எடுத்து, பிரித்து, வலியிழந்த தசை செய்த வேலைக்கு மாற்றிக் கட்டினால் என்ன? இளம்பிள்ளை வாதத்தாற் கெட்ட கைகளுக்கு அறுவை வல்லார் இங்ஙனம் செய்வதுண்டு. தொழுநோயாளர்க்குச் செய்ய ஒருவரும் துணிந்திலர். அவர்கள் தசை கெட்ட தசை, வெட்டிய இடம் ஆறாது என்பது பரவிய கொள்கை. 1948-இல் பிராண்டு செய்து பார்த்தார். புண் ஆறிற்று. விரல்கள் நிமிர்ந்தன. பலநாட் பயிற்சிக்குப்பின் அக்கை சோறு பிசைந்து உண்டது. நம்மவர்க்கு இஃது எத்துணைப் பெரிதென்பதைக் கையால் உண்ணாதார் அறியார்!

இங்கே ஓர் இடையூறு நேர்ந்தது. சீர்ப்பட்ட கைகளோடு ஊர் சென்றோர் சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தனர். தாங்கள் அளித்தவை பிச்சைக்கு உதவாத கைகள் என முறையிட்டனர். மடங்கிய கையைக் கண்டு காசிட்டோர் நிமிர்ந்த கையைக் கண்டு இடவில்லை. நோயின் பெயரால் அஞ்சி வேலையும் கொடுத்திலர். குடியிருக்க இடமும் கொடுத்திலர். அறுவையாற் கையைத் திருத்தியவர், வாழ்க்கையைத் திருத்தாமல் விட்டதை உணர்ந்தார். பின்னர் வேலூரில் ‘நவஜீவ நிலையம்’ எழுந்தது. அது மருத்துவமனையாக அமையவில்லை. சிறு வீடுகள் கொண்ட ஒரு கிராமம்போல் அமைந்தது. சீர்ப்பட்ட கையினர் அங்கே தங்கித் தொழில் கற்றனர். கற்பித்த தொழில்களுள் முதன்மையானது தச்சு. ஆசிரியர் வேறொருவருமல்லர், டாக்டர் பிராண்டே! இழைப்புளியும் உளியும் பிடிக்கத் தெரிந்த அறுவை மருத்துவர் உலகில் எத்தனை பேர் இருப்பார்? மரப்பொம்மைகளும் விளையாட்டுப் பொருள்களும் செய்து விற்று அவர்கள் பிழைக்கலாயினர்.

அப்பட்டறையிலேதான் இரண்டாவது உண்மை வெளிப்பட்டது. முன்னரே அவர் கண்ணிற் சில பட்டிருந்தன. ஒருமுறை தீக்கங்குகளிற் சுட்டுக்கொண்டிருந்த கிழங்கொன்று நழுவி நெருப்பினுள் விழ, அருகிருந்த முதியவர் வெறுங்கையை இட்டு எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் நின்றார். மற்றொருமுறை துருப்பிடித்த பூட்டொன்று பிராண்டின் கைக்குத் திறவாதிருக்க, நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து, சாவியைப் பற்றி எளிதிலே திருப்பிவிட்டான். இவ்வலிமை எங்கிருந்து வந்தது என வியந்து நோக்கியவர், தரையிற் குருதித் துளிகள் விழுவதைக் கண்டார். சாவி அவன் விரலை எலும்பு தெரியுமளவும் அறுத்திருந்தது, அவனோ அறியான். வலிமை மிகுந்ததன்று, நாம் நோவென்று நிறுத்திக்கொள்ளும் எல்லை அவனுக்கு இல்லை. அவ்வளவே.

இதன்பின் நிலையத்தில் ஒரு கடுமையான முறை ஏற்பட்டது. நாடோறும் ஒவ்வொருவர் கையும் காலும் பார்க்கப்படும். புதிய கொப்புளமோ கீறலோ கண்டால், நோயால் வந்தது என்னும் விடை ஏற்கப்படாது. எதனால் வந்தது என்று கண்டே தீரவேண்டும். சுத்தியற்காம்பிற் சிம்பு இருந்தது. கொதிக்கும் பாத்திரத்தைத் துணியின்றிப் பிடித்தது. விரலிடையில் பீடி எரிந்து முடிந்தது. செருப்பில் ஆணி குத்தியது. இவ்வாறு ஒவ்வொன்றிற்கும் காரணம் புலப்பட்டது. காம்புகளைப் பருமனாக்கி மெத்தென்று செய்தனர், காயமும் குறைந்தது.

ஒன்றிற்கு மட்டும் விடை கிட்டவில்லை. இரவு படுக்கும்போது முழுமையாயிருந்த விரலிற் காலையில் ஒரு துண்டு குறைந்திருக்கும். இதுவன்றோ அழுகி உதிர்தல் என்று பழைய கொள்கையினர் மகிழ இடமாயிற்று. இரவெல்லாம் விழித்திருந்து காவல் வைத்துப் பார்த்தனர். நடுச்சாமத்தில் எலியொன்று வந்து, உறங்குபவர் விரலை முகர்ந்து, கடித்துத் தின்னத் தொடங்கிற்று. உறங்கியவர் அசையவும் இல்லை! மறுநாளே பூனைகள் வரவழைக்கப்பட்டன. பின்னாளில் நிலையத்தை விட்டு ஊர் செல்வோர் ஒவ்வொருவரும் ஒரு பூனையும் கொண்டு செல்லவேண்டும் என்பது விதியாயிற்று. மருத்துவ வரலாற்றிலே பூனைக்குட்டியும் ஒரு மருந்தாய் நின்ற இடம் இஃதொன்றே என்று எண்ணுகின்றோம்.

விரல்கள் உதிர்வதில்லை. நோவறியாக் கை காயப்பட்டு, காயம் புறக்கணிக்கப்பட்டு, புண் சீழ்வைத்து, உள்ளெலும்பு சிறிது சிறிதாய்க் கரைந்து குறுகுகின்றது. தொழுநோய் செய்த முதற்கேடு நோவென்னும் காவலனைக் கொன்றதே. மற்ற அழிவெல்லாம் காவலற்ற வீட்டில் நுழைந்த கள்வர் செய்தவை. இதனைத் தெளிந்ததனால் விளைந்த நன்மை பெரிது. அழுகும் விதி என்றிருந்தது தடுக்கக்கூடிய விபத்தாய் மாறியது. 1955-இல் வேலூரை அடுத்த கரிகிரியில் தோன்றிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் இவ்வழியிலே பணி தொடர்ந்தது. பாதப்புண்களுக்குச் சுண்ணாம்புக்கட்டு இட்டு, நடக்கும் அழுத்தத்தை எங்கும் பரவச் செய்தனர். மெத்தென்ற நுண்துளை ரப்பரால் மிதியடி செய்தனர். எம்.சி.ஆர். செருப்பு என்று நம் ஊர் மருத்துவமனைகளிற் பெயர் வழங்குவது இதுவே.

பிறர்க்குக் கற்பித்ததைத் தம்முடலில் அனுபவித்த ஓர் இரவும் அவர்க்கு வாய்த்தது. 1953-இல் அமெரிக்கப் பயணம் முடித்துக் காய்ச்சலோடு கப்பலேறி, இங்கிலாந்தில் இரயிலில் மடங்கி உட்கார்ந்து இலண்டன் சேர்ந்தார். உறங்குமுன் காலுறையைக் கழற்றியவர்க்குக் குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியெடுத்துக் குத்தினார், நோகவில்லை. ஆழக் குத்தினார், குருதி வந்தது, நோவு வரவில்லை. ஏழாண்டுக்காலம் தொழுநோயாளரிடையே உழைத்தவர்க்கு இதன் பொருளைப் பிறர் சொல்ல வேண்டுமா? விளக்கை அணைத்துவிட்டு விடியுமட்டும் விழித்துக் கிடந்தார். மனைவியையும் மக்களையும் தொடலாகாது. அவர்களைப் பிரிந்து எங்கேனும் ஒதுங்கவேண்டும். தம் துணைவர்களோ, இந்நோய் எளிதில் ஒட்டாது என்று தாம் கூறிய உறுதியை நம்பி வந்தவர்கள். அவர்கள் இனி என் செய்வர்? இவை அவ்விரவின் எண்ணங்கள். பொழுது புலர்ந்ததும் மீண்டும் ஊசியாற் குத்தினார். உரக்கக் கத்திவிட்டார்! இரயிலில் மடங்கியிருந்தமையால் நரம்பு அழுந்தி மரத்திருந்ததேயன்றி வேறில்லை. அக்காலை முதல், கை வெட்டுப்பட்டாலும் கால் சுளுக்கினாலும் நோவுக்காகக் கடவுளுக்கு நன்றி கூறினேன் என அவர் பலமுறை பேசியும் எழுதியும் உள்ளார். குழந்தைப் பருவத்திற் பிரிவை அறிந்தவர் என மேலே குறித்தோமே. அவ்விரவில் அவரை வாட்டியதும் அப்பிரிவின் நினைவன்றோ?

அவர்க்கு மக்கள் அறுவர். மனைவியார் மார்கரெட் அம்மையாரும் வேலூரிற் கடமை வகித்தவர். கண் வைத்தியம் பயின்றவர் அல்லர். ஆயினும் கண் பகுதியில் ஆள் இல்லை, வந்து உதவுக என அழைக்கப்பட, வேலை செய்தே அதனைக் கற்றார். தொழுநோயாளர் பலர்க்கு முகநரம்பு கெட்டு இமை மூடாது. விழிநோவும் இல்லாமையால் தூசு விழுந்ததும் தெரியாது. நாளடைவில் விழி உலர்ந்து பார்வை போகும். கையிழந்தார்க்குக் கண்ணே தடவிப்பார்க்கும் கை, அதுவும் போனால்? மெல்லும் தசையின் ஒரு பகுதியை எடுத்து இமையோடு இணைக்கும் அறுவையால் இதற்கு வழி பிறந்தது. வாயை மெல்ல மெல்ல இமை மூடும். ஆதலால், கண்ணைக் காக்க வேண்டுவோர் எதையேனும் மென்றுகொண்டிருக்க வேண்டியதாயிற்று. தொழுநோயின் கண் கேடுகளைப்பற்றி மார்கரெட் அம்மையார் உலகறிந்த வல்லுநரானார். 2014-இல் அவர் மறைந்தார். கணவர் புகழிற் கலந்து இவர் பெயர் மங்கலாகாது.

தாயார் ஈவ்லின் அம்மையாரைப்பற்றிச் சொல்லாவிடில் குறையாகும். கணவரோடு சேர்ந்து ஐந்து மலைத்தொடர்களில் ஊழியஞ்செய்யக் கருதியவர். வயதாயிற்றெனச் சங்கத்தார் ஓய்வளித்த பின்னரும், எழுபதை எட்டும் பருவத்தில், தனியே மலையேறினார். மட்டக்குதிரைமீது கிராமங்கள்தோறும் சென்றார். எலும்பு முறிந்தும் நின்றிலர். கீழே வந்துவிடும்படி மருத்துவராகிய மகன் வற்புறுத்தியும் கேட்டிலர். தம் குடிசையில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. 1974-இல், 95-ஆம் வயதில் இறந்தபோது, கொல்லிமலை வாழவந்தியிற் கணவர் கல்லறையருகே அடக்கஞ்செய்யப்பட்டார். முகமெல்லாம் சுருக்கங்கள் நிறைந்த தம் தாயைப்போல் அழகியவரைக் கண்டதில்லை என்பது மகனார் கருத்து. பிராண்டின் சமயப்பற்று எத்தகையது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. அது பிரசங்க மேடையினும் நோயாளியின் கையைத் தம் கையிலெடுத்த வேளையிலேயே மிகுதியும் வெளிப்பட்டது. உடலமைப்பின் வியப்பையும் நோவின் பயனையும் குறித்து அவர் பிலிப் யான்சியோடு இணைந்தெழுதிய நூல்கள் உலகெங்கும் படிக்கப்படுகின்றன.

பட்டங்களும் பரிசுகளும் வந்தன: 1952-இல் இலண்டன் அறுவை வல்லார் கழகத்தின் ஹன்டேரியன் பேராசிரியர் பதவி, 1960-இல் லாஸ்கர் பரிசு, 1961-இல் பிரிட்டிஷ் அரசியார் அளித்த சி.பி.ஈ. விருது. 1966-இல் அமெரிக்காவில் லூசியானா மாகாணத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே அவர் செய்த முயற்சி ஒன்று தோல்வியிலே முடிந்தது. ஆயினும் எமக்கு அதுவே மிகவும் பிடித்தது. இயற்கை நோவு போனால் செயற்கை நோவு செய்தாலென்ன? கையுறையில் அழுத்தமுணரும் கருவிகள் வைத்து, அழுத்தம் மிகும்போது காதில் ஒலி எழச் செய்தனர். நோயாளர் ஒலியைப் பொருட்படுத்திலர். மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தனர். வேலையை முடிக்க வேண்டுமென்று விரும்பிய நோயாளி விசையை அணைத்துவிட்டு வேலையை முடித்தார்! நோவை அணைக்கும் விசை நம் கையில் இல்லாதிருப்பதே அதன் சிறப்பு என்பதைப் பெரும்பொருள் செலவழித்து அறிந்துகொண்டனர். 1986-இல் ஓய்வுபெற்று, சியாட்டில் நகரில் வாழ்ந்து, 2003-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள் டாக்டர் பிராண்டு மறைந்தார்.

அவர் வேலூர் வந்த நாளினும் இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. 1980-களில் வந்த கூட்டுமருந்து நோயை முற்றிலும் குணப்படுத்துகின்றது; இலவசமாகவே கிடைக்கின்றது. மருந்து தொடங்கியவரிடமிருந்து பிறர்க்கு ஒட்டுவதில்லை. நோயாளரைப் பிடித்தடைக்க இடந்தந்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. ஆயினும் 2023-இல் நம் நாட்டிற் புதிதாய்க் கண்டறியப்பட்டோர் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டோர். தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் ஒன்றைக் கண்டும் அச்சத்தால் மறைப்போர் இன்னும் உளர். அவர்கள் மறைக்கும் மாதங்களில் நரம்பு கெடுகின்றது. கெட்ட நரம்பை அம்மருந்தும் மீட்டுத் தருவதில்லை.

நோவிழந்த பாதம் தொழுநோயாளர்க்கு மட்டும் உரியதன்று. நீரிழிவு முதிர்ந்தோர்க்கும் கால்நரம்பு கெட்டு உணர்ச்சி குன்றும். செருப்பிலிருந்த சிறுகல்லே காலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுவிடும். கார்விலில் இருந்தபோது பிராண்டு இவ்வொற்றுமையைக் கண்டு, வேலூரிலும் கரிகிரியிலும் கையாண்ட கட்டையும் மிதியடியையும் அவர்களுக்கும் வழங்கச் செய்தார். நம்மவர் இல்லங்களிற் பெற்றோரோ பாட்டனாரோ நீரிழிவுற்றிராத இல்லம் அரிதாகிவிட்டது. அவர்களுக்கு மருத்துவர் கூறுவது அன்று நவஜீவ நிலையத்திற் கூறியதே: வெறுங்காலோடு நடவாதீர், செருப்பை அணியுமுன் கவிழ்த்துத் தட்டுவீர், நாள்தோறும் இரவிற் பாதங்களைக் கழுவித் துடைத்து, விளக்கருகில் அமர்ந்து, விரலிடுக்கெல்லாம் பார்த்த பின்னரே உறங்குவீர். குனிய இயலாதோர் உள்ளங்காலைக் காண்பதற்கு ஒரு சிறு கண்ணாடியைத் தரையில் வைத்துக்கொள்ளுதல் போதும்.